"வயசானவங்களுக்குத்தானே, டீச்சர்?"



சில வாரங்களுக்கு முன் வகுப்பில் நோய்த்தடுப்பு பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கோவிட்-19 காலத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னதும், முன்வரிசையில் இருந்த ஒரு மாணவன், "அது வயசானவங்களுக்குத்தானே டீச்சர் ஆபத்து? நமக்கு ஒன்னும் ஆகாதே!" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை வளர்த்த தாத்தா 2021-இல் அந்த நோயால்தான் இறந்தார். பேத்தி கடைசியாக ஒருமுறை அவர் முகத்தைப் பார்க்கக்கூட முடியவில்லை.

பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இந்த வாரக் கட்டுரை.

அந்த மாணவனின் பேச்சில் இரண்டு கருத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாவது, "வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம்." இது அறிவியல் உண்மை. இரண்டாவது, "அதனால் நாம் கவலைப்பட வேண்டியதில்லை." இது அறிவியல் அல்ல. இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்போம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

தடுப்பூசி வருவதற்கு முன், 2020-இல், பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. கோவிட் தொற்று கண்டவர்களில் எத்தனை விழுக்காட்டினர் இறக்கிறார்கள் என்பதை அது வயதுவாரியாகக் கணக்கிட்டது. 25 வயதில் 0.01 விழுக்காடு, 55 வயதில் 0.4 விழுக்காடு, 65 வயதில் 1.4 விழுக்காடு, 75 வயதில் 4.6 விழுக்காடு, 85 வயதில் 15 விழுக்காடு. இதை ஆட்களின் எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். 25 வயதுடைய 10,000 பேருக்குத் தொற்று வந்தால் ஒருவர் இறக்கலாம். 75 வயதுடைய 10,000 பேருக்கு வந்தால் 460 பேர் இறக்கலாம். நம் நாட்டிலும் கோவிட் தொற்றால் இறந்தவர்கள் 36,000-க்கும் அதிகம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள்.

ஏன் இப்படி? உங்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்ற சிறிய சுரப்பி இருக்கிறது. 'டி' அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் அது. புதிய கிருமி ஒன்று உடலுக்குள் நுழைந்தால், அதை இதற்குமுன் சந்தித்திராத புதிய டி அணுக்களில் சில அதை அடையாளம் கண்டு பெருகும். வென்ற பிறகு அவற்றில் ஒரு பகுதி 'நினைவு அணுக்களாக' உடலில் தங்கிவிடும். அதே கிருமி மறுபடியும் வந்தால் அவை உடனே பாயும்.

தைமஸ் சிறு வயதில்தான் பெரியதாக இருக்கும். பருவமடைந்த பிறகு அது சிறுகச் சிறுகச் சுருங்கி, அந்த இடத்தில் கொழுப்பு சேரும். ஆகவே முதியவரின் உடலில் நினைவு அணுக்கள் ஏராளமாக இருக்கும். புதிய அணுக்கள் குறைவாக இருக்கும். பழைய பகைவனோடு மோத அது நல்ல படைதான். ஆனால் 2020-இல் வந்த வைரஸ் உலகில் எவருக்குமே புதியது. புதிய பகைவனுக்குப் புதிய வீரர்கள் வேண்டும். முதியவர்களிடம் இல்லாமல் போனது அதுதான். இதோடு நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவையும் வயதோடு கூடுகின்றன. 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது.

இன்னொரு செய்தி. தைமஸ் சுருங்குவது உங்கள் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அறுபது வயதில் திடீரென்று ஒருநாள் காலையில் யாரும் 'முதியவராக' எழுந்திருப்பதில்லை. நாம் எல்லாரும் ஒரே பாதையில், வெவ்வேறு இடங்களில் நடந்துகொண்டிருக்கிறோம்.

எல்லாப் பெருந்தொற்றும் ஒன்றல்ல

'பெருந்தொற்று என்றால் கிழவர்களுக்குத்தான்' என்பது சரியா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

1918-ஆம் ஆண்டு இன்ஃப்ளுயன்சா உலகைச் சுற்றியது. 5 கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அது அக்டோபர் மாதத்தில் மலாயாவைத் தாக்கியது. ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் லயங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. தோட்டங்களில் அந்தக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. அந்தக் கிருமியிடம் ஒரு விந்தை இருந்தது. 20 முதல் 40 வயது வரை இருந்த திடகாத்திரமானவர்களை அது அதிகமாகக் கொன்றது. பால் வெட்டிக்கொண்டிருந்த இளைஞர்களின் வயது அது.

2009-இல் வந்த எச்1என்1 காய்ச்சலிலும் இதே போன்ற விந்தை தெரிந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் இரத்தத்தில் அந்த வைரசை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே இருந்தன. (உங்கள் மலாய்ப் பாடநூலில் 'அந்திபோடி' என்று படிக்கிறீர்களே, அதுதான்.) அவர்கள் சிறு வயதில் சந்தித்த பழைய வைரசுகளுக்கும் இந்தப் புதியதற்கும் உறவு இருந்ததே காரணம். அந்த முறை தாத்தாவைவிடப் பேரனுக்குத் தொற்று எளிதாக வந்தது.

இதைவிட வியப்பான ஆய்வு ஒன்று 2008-இல் வெளிவந்தது. 1918 தொற்றைக் கடந்து உயிரோடு இருந்த 32 பேரின் இரத்தத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அவர்களின் வயது 91 முதல் 101 வரை. 90 ஆண்டுகள் கழிந்தும் அத்தனை பேரின் இரத்தமும் 1918 வைரசை அடையாளம் கண்டது. அவர்களில் சிலரின் அணுக்களிலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள், அந்த வைரசால் தாக்கப்பட்ட எலிகளைக் காப்பாற்றின. நூறு வயதுக் கிழவியின் இரத்தத்தில், எந்தப் பத்து வயதுப் பிள்ளையிடமும் இல்லாத மருந்து இருந்தது.

ஆகவே, யாருக்கு ஆபத்து என்பதை வயது மட்டும் முடிவு செய்வதில்லை. கிருமியும் நம் உடலின் பழைய நினைவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஆபத்து வேறு, மதிப்பு வேறு

ஒருவரை அவருடைய வயதை மட்டும் வைத்து எடைபோடுவதை 'வயதுப் பாகுபாடு' என்கிறோம். 1969-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் இதற்கு ஒரு பெயர் சூட்டினார். 2021 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் இருவரில் ஒருவர் முதியவர்களைப் பற்றி இத்தகைய எண்ணம் கொண்டவர் என்று அது கூறியது.

பெருந்தொற்றின்போது இந்த எண்ணம் வெளிப்படையாகவே தெரிந்தது. 2020 மார்ச்சில் சமூக ஊடகங்களில் சிலர் கோவிட்டை 'முதியவர்களை அகற்றும் கருவி' என்னும் பொருள்படக் கேலிப் பெயர் வைத்துப் பரப்பினார்கள். அதே மாதத்தில் இத்தாலியின் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதவில்லை. அனுமதிக்கு ஒரு வயது வரம்பு வைக்க வேண்டி வரலாம் என்று அந்நாட்டு மயக்கவியல் மருத்துவர் சங்கம் எழுதியது. கேலியும் இதுவும் ஒன்றல்ல. அந்த மருத்துவர்கள் கண்ணீரோடு முடிவெடுத்தவர்கள். ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. பிழைக்கும் வாய்ப்பை அளப்பதற்கு வயது மட்டும் போதுமா? நாள்தோறும் தோட்ட வேலை செய்யும் 75 வயதுக்காரரும், பல நோய்களோடு படுக்கையில் இருக்கும் 60 வயதுக்காரரும் உண்டு. பிறந்த ஆண்டைப் பார்ப்பதைவிட ஒருவரின் உடல் தளர்ச்சியை அளப்பதே சரியான அளவுகோல் என்று பல மருத்துவர்கள் வாதிட்டார்கள்.

இந்தப் பாகுபாடு இளையவர்களையும் தாக்கும். அதற்கு நம் ஈப்போவோடு தொடர்புள்ள ஒருவரே சான்று. பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென்-தே, 1910 டிசம்பரில் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக்கை அடக்க அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு 31 வயது. இந்த நோய் காற்றின் வழியாக, மூச்சிலிருந்து மூச்சுக்குப் பரவுகிறது என்று கண்டு, மெல்லிய துணியும் பஞ்சும் வைத்த முகக்கவரியை எல்லாரும் அணியச் சொன்னார். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் ஒருவர், ஆசியரான இந்த இளைஞரின் சொல்லை ஏற்கவில்லை. முகக்கவரி இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாள்களில் பிளேக் கண்டு இறந்தார். ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற அந்த நோய் 1911 மார்ச்சில் அடங்கியது.

வூ 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் கிளினிக் நடத்தினார். ஏறக்குறைய 80 வயது வரை நோயாளிகளைப் பார்த்தார். பேராக் நூலகம் அமைய நன்கொடை திரட்டியவர்களில் அவரும் ஒருவர். அதுதான் இன்றைய துன் ரசாக் நூலகம். '31 வயதுப் பையனுக்கு என்ன தெரியும்' என்று நினைத்தது தவறு. '79 வயதுக் கிழவரால் என்ன முடியும்' என்று ஈப்போ மக்கள் நினைத்திருந்தால் அதுவும் தவறாகவே இருந்திருக்கும்.

அன்பிலும் பிழை உண்டு

கேலி செய்வது மட்டும்தான் பாகுபாடு என்று நானும் நினைத்திருந்தேன். என் பாட்டிதான் பாடம் நடத்தினார்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் இருக்கிறார். முப்பது வருடம் பால் வெட்டியவர். கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பாதி நிலம் தாமான் ஆகிவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் வேலை தேடி வெளியூர் போய்விட்டோம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பாட்டிக்கு 76 வயது. நாங்கள் நாள்தோறும் தொலைபேசியில் கட்டளை போட்டோம். "வெளியே போகாதீங்க பாட்டி. வாசலுக்கும் வராதீங்க." கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் விடவில்லை. காலையில் கோயிலுக்கு நடந்துபோய்ப் பூப்பறிப்பது அவர் வழக்கம். அதையும் நிறுத்தினோம். பக்கத்து வீட்டில் சொல்லிக் காவல் வைத்தோம்.

சில மாதங்கள் கழித்து நேரில் போனபோது, வாசற்படி இரண்டை ஏறுவதற்குப் பாட்டி சுவரைப் பிடித்தார். "எல்லாரும் பேசுனீங்க. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்றார்.

அறிவியல் ஆசிரியையான எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் செய்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களின் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. பத்து நாளுக்கே அப்படி என்றால், மாதக்கணக்கில் வீட்டுக்குள் உட்கார வைத்தால் என்ன ஆகும்? வேலிக்குள்ளேயே காலை மாலை இருபது சுற்று நடக்கச் சொல்லியிருக்கலாம். சேர்ந்து யோசித்திருந்தால் பாட்டியே நல்ல வழி சொல்லியிருப்பார். கிருமியிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அவருடைய கால்களின் வலிமையையும், தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் உரிமையையும் பறித்துவிட்டோம்.

அந்த எண்ணம் உடலையே பாதிக்கக்கூடும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரை 23 ஆண்டுகள் வரை கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. தம் முதுமையை நல்ல விதமாகப் பார்த்தவர்கள், 'இனி நான் எதற்கும் உதவ மாட்டேன்' என்ற மனநிலையில் இருந்தவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். எண்ணம் மட்டுமே அதற்குக் காரணம் என்று இந்த ஓர் ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வீட்டில் நாம் பேசும் பேச்சு வெறும் பேச்சல்ல என்று அது எச்சரிக்கிறது.

ஒரு கை ஓசை அல்ல

தலைமுறைகள் ஒன்றையொன்று காப்பாற்றும் என்பதற்கும் அறிவியல் சான்று உண்டு. ஜப்பானில் 1962 முதல் 1987 வரை பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போட்டார்கள். அந்தக் காலத்தில் காய்ச்சலாலும் நிமோனியாவாலும் ஏற்பட்ட இறப்புகள் குறைந்தன. திட்டம் தளர்ந்து 1994-இல் நின்ற பிறகு மறுபடியும் கூடின. ஏறக்குறைய 420 பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டால் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது என்று 2001-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பிள்ளையின் கையில் போட்ட ஊசி பாட்டியின் உயிரைக் காத்தது. காரணம் எளிது: கிருமி வீட்டுக்குள் வரும் வழியில் ஒரு கதவு மூடிவிட்டது.

கோவிட் காலத்தில் நீங்கள் ஆரம்பப் பள்ளியில் இருந்தீர்கள். நண்பர்களைப் பார்க்காமல், கைத்தொலைபேசியின் சிறிய திரையில் இயங்கலை வகுப்பு படித்தீர்கள். 'பிள்ளைகள்தாம் நோயைப் பரப்புகிறார்கள்' என்று பெரியவர்கள் சொன்னதையும் கேட்டிருப்பீர்கள். உங்கள் உடலுக்குக் குறைந்த ஆபத்துள்ள நோய்க்காக நீங்கள் நிறைய இழந்தீர்கள். அந்த இழப்பில் ஒரு பங்கு தாத்தா பாட்டிகளின் உயிர்களாகத் திரும்பி வந்தது. யாரும் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை என்றால், இப்போது நான் சொல்கிறேன்.

இனி எதிர்த்திசையைப் பாருங்கள். தோட்டத்தில் விடியற்காலையில் பெற்றோர் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விடுவார்கள். மரம் வெட்ட முடியாத வயதில் இருந்த பெண்மணிகள் அந்தப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தார்கள். அதனால்தான் தாய்மார்கள் வேலைக்குப் போக முடிந்தது. மனித இனம் முழுவதற்கும் இது பொருந்தலாம் என்கிறார்கள் சில மானிடவியலாளர்கள். பெரும்பாலான விலங்குகள் குட்டி ஈனும் வயது முடிந்த பிறகு நெடுநாள் வாழ்வதில்லை. மனிதப் பெண்கள் ஏன் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள்? தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே பாட்டிமார்கள் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதைக் கண்ட கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர், பாட்டிகளின் உதவியால் பிழைத்த பிள்ளைகளே நீண்ட ஆயுளை அடுத்த தலைமுறைக்குக் கடத்தினார்கள் என்றனர். இதற்குப் 'பாட்டிக் கருதுகோள்' என்று பெயர். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் 'வேலை செய்ய முடியாதவர் பாரம்' என்ற பேச்சுக்கு இது நல்ல பதில்.

2021-இல் இந்த இரண்டு திசைகளையும் பாட்டி வீட்டு வரிசையில் ஒரே நாளில் கண்டேன். பிப்ரவரி 24-இல் நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. முன்களப் பணியாளர்களுக்குப் பிறகு, ஏப்ரல் முதல் முதியவர்களின் முறை வந்தது. மைசெஜாதெரா செயலியில் பதிய வேண்டும் என்றதும் அந்த வரிசையில் இருந்த முதியவர்கள் கையைப் பிசைந்தார்கள். பலரிடம் பொத்தான் வைத்த பழைய கைத்தொலைபேசிதான். என் அக்காள் மகனுக்கு அப்போது 15 வயது. அடையாள அட்டையை வாங்கி, வீடு வீடாகப் பதிந்து கொடுத்தான். ஆனால் சிலர், "ஊசி போட்டா செத்துப்போவாங்களாமே" என்று கதவையே திறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தி. பையனின் விளக்கம் எதுவும் எடுபடவில்லை.

பாட்டி கைத்தடியோடு போனார். சட்டைக் கையை மேலே இழுத்து, சிறு வயதில் அம்மை குத்திய வட்டத் தழும்பைக் காட்டினார். "இதைக் குத்துறப்பவும் இப்படித்தான் பயந்தோம். இப்ப எங்கடி இருக்கு பெரியம்மை?" என்றார். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980-இல் அறிவிக்கப்பட்டதைப் பாட்டி எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அது ஒழிந்ததைக் கண்ணால் பார்த்தவர். அன்று மாலைக்குள் கதவுகள் திறந்தன. திறன்பேசி பேரனிடம் இருந்தது. நினைவு பாட்டியிடம் இருந்தது. ஒன்றில்லாமல் மற்றது பயன்பட்டிருக்காது.

இந்த வாரம் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் இருக்கும் ஒரு முதியவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சிறு வயதில் ஊரில் என்ன நோய் வந்தது? அப்போது யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள்? கோவிட் காலத்தில் உங்களுக்கு எது வேண்டியிருந்தது, ஆனால் நாங்கள் கேட்காமல் விட்டோம்? பதிலை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். குறுக்கே பேசாதீர்கள். பிறகு அவருக்குக் கைத்தொலைபேசியில் ஒரு வேலையைச் செய்யக் கற்றுக்கொடுங்கள். அவர் கையிலிருந்து பிடுங்கி நீங்களே செய்துவிடாதீர்கள். அவர் விரலே அழுத்தட்டும்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும், எந்த வயதினரைத் தேடும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1918-ஐப் போல அது இளையவர்களைத் தேடி வந்தால், "இளசுங்களுக்குத்தானே" என்று தாத்தா பாட்டிகள் சிரிப்பார்களா?

அந்த மாணவனிடம் இதைத்தான் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. ஓய்வு நேரத்தில் கடைசி வரிசைக்குப் போய், அந்த மாணவியிடம், "உங்க தாத்தா என்ன வேலை செஞ்சாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.